இரண்டு மணிக்குக் கடைசி வகுப்பு

அந்த அலறல் மூன்றாவது மாடியிலிருந்து வந்தது.

கனாசாவா நகரம். சிரயாமா பல்கலைக்கழகம். மார்ச் பதினான்கு, வெள்ளிக்கிழமை. மதியம் பன்னிரண்டு ஐம்பது.

கீழே வாசலில் பூங்கொத்தும் ஈரக் குடையுமாக நின்ற கூட்டம் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தது.

அலறியவர் நிஷிவாகி அம்மா. உயிர்வேதியியல் துறையின் செயலாளர். இருபத்திரண்டு வருஷமாக அந்த மாடியில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

இன்று கேட்டார்கள்!

குளிர் அறையின் கனமான கதவு திறந்திருந்தது. உள்ளே எப்போதும் நாலு டிகிரி. புரதங்கள் கெட்டுப் போகாமலிருக்க அந்தக் குளிர்.

இப்போது அங்கே கெடாமல் கிடந்தது ஒரு மனிதர்.

புரொபசர் குராமொச்சி. வயது அறுபத்தைந்து. புது சூட். புது டை. குப்புறக் கிடந்தார். பின்மண்டை உடைந்து, ரத்தம் உறைந்து கறுத்திருந்தது.

இன்னும் எழுபது நிமிஷத்தில் அவர் கீழே அரங்கத்தில் மேடை ஏறியிருக்க வேண்டும். ஓய்வு பெறும் புரொபசரின் கடைசி வகுப்பு. நாற்பது வருஷ ஆராய்ச்சியை முதலிலிருந்து சொல்லி, குனிந்து வணங்கி, பூங்கொத்து வாங்கிக்கொண்டு இறங்குவது இங்கே வழக்கம். பழைய மாணவர்கள் நாலா திசையிலிருந்தும் ரயில் ஏறி வந்திருந்தார்கள்.

சாயங்காலம் ஹோட்டலில் நண்டும் பீரும் சொல்லியாயிற்று.

பாவம், நண்டு காத்திருக்கும்... ஆள் இல்லை.

---

இன்ஸ்பெக்டர் சகுமா ஒன்று ஐந்துக்கு வந்து சேர்ந்தாள். வயது நாற்பத்தாறு. இவள் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் உண்மையைக் கக்கிவிடுவார்கள் என்று ஸ்டேஷனில் பேச்சு.

பின்னாலேயே சார்ஜென்ட் நுமாதா. கையில் நோட்டு, காதில் பேனா.

"சிங்க் பக்கத்துல அது என்னய்யா?"

"ரோட்டர் மேடம். சாம்பிள் குழாய்களை வெச்சு வேகமா சுத்தற மெஷின் இருக்குல்ல, அதுக்குள்ள உட்கார்ற உலோகக் கட்டை. ஆறு கிலோ இருக்கும்."

"இதாலதான் அடிச்சிருக்கானா?"

"காயத்தோட அளவு ஒத்துப் போகுதுன்னு டாக்டர் சொல்றார். செத்தது பதினொன்னே முக்கால்லேர்ந்து பன்னண்டுக்குள்ள இருக்கலாமாம். குளிர் அறைங்கறதால உறுதியா சொல்ல முடியாதுங்கறார்."

"கழுவியிருக்கே."

"ஆமா மேடம். கழுவி, காகிதத் துண்டு விரிச்சு, அது மேல கவுத்து வெச்சிருக்கான்."

சகுமா குனிந்து அந்த ரோட்டரைப் பார்த்தாள்.

"ஒருத்தன் மண்டையைப் பொளந்திருக்கான். பொளந்துட்டு ஓடல. சாமானைக் கழுவி, தண்ணி வடியக் கவுத்து வெச்சிட்டு நிதானமாப் போயிருக்கான். எங்க வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைக்கூட இப்படி வெச்சதில்ல."

"அப்போ லேப்ல வேலை செஞ்சு பழகின ஆள், மேடம். கை தானா செஞ்சிருக்கு."

"சரி. லேப்ல பழகின ஆளுங்க இன்னைக்கு இந்தக் கட்டடத்துல எத்தனை பேர்?"

நுமாதா வாசலில் வாங்கி வந்த வருகைப் பட்டியலைப் புரட்டினான்.

"முன்னூத்திப் பன்னண்டு."

"நாசமாப் போச்சு."

---

நிஷிவாகி அம்மா நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். அவர் மேஜையில் புரொபசர் காலையில் கொடுத்த பிஸ்கட் பெட்டி பிரிக்கப்படாமல் இருந்தது.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பதினொன்னு நாப்பது. அவர் ரூம்லேர்ந்து குளிர் அறைக்குப் போனார். பழைய குப்பி ரெண்டு எடுக்கணும், மேடைல காட்டணும்னு சொன்னார்."

"கையில என்ன இருந்தது?"

"ஒரு நோட்டு. நீல அட்டை. பழைய சோதனைக் குறிப்பு நோட்டு. அவர் ரூம் அலமாரில பூட்டி வெச்சிருப்பார். குப்பி நம்பர் அதுலதான் இருக்கும்."

"அப்புறம்?"

"நான் கீழே போயிட்டேன். விருந்தாளிங்களை வரவேற்க ஆள் இல்ல. திரும்பி வந்தா அவர் சாப்பாட்டுப் பெட்டி அப்படியே இருக்கு. தேடிப் போனேன்..."

அழுதுவிட்டார்.

சகுமா நுமாதாவைப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். குளிர் அறையில் நோட்டு எதுவும் இல்லை. குப்பி இருந்தது, பிணம் இருந்தது. நோட்டு மட்டும் போயிருந்தது.

"அம்மா, நோட்டு விஷயம் வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான். மாடில வேற யாரும் இல்ல."

"அப்படியே இருக்கட்டும். வாயைத் திறக்காதீங்க."

---

அரங்க வாசலில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகம். வெளிர் மஞ்சள் அட்டை. புரொபசர் குராமொச்சியின் வாழ்க்கையும் ஆராய்ச்சியும். ஓய்வு பெறுகிறவருக்கு மாணவர்கள் அச்சடித்துக் கொடுப்பது.

சகுமா நின்றபடியே புரட்டினாள்.

"நோதோ கடற்கரைல மீன் பிடிக்கறவர் மகன். செந்தாய் நகரத்துல படிப்பு. மூணு வருஷம் ஜெர்மனி. கட்டுரை இருநூத்தி முப்பத்தொன்னு. டாக்டர் பட்டம் வாங்கின மாணவர்கள் நாப்பத்தொரு பேர். பாடப் புத்தகம் ரெண்டு. அகாடமிப் பரிசு... அடேங்கப்பா. எதுக்குப் பரிசு?"

"யுகினேஸ்."

பதில் பின்னாலிருந்து வந்தது.

நரைத்த தலை. மெலிந்த உடம்பு. இடுப்பு வரை குனிந்து வணங்கினார். இணைப் பேராசிரியர் ஹதாகேதா. வயது ஐம்பத்தேழு. முப்பது வருஷமாகக் குராமொச்சிக்குக் கீழே வேலை. துறையில் அவரை 'நிழல்' என்பார்கள், அவர் காதுபடவே.

"பனி நண்டோட ஈரல்லேர்ந்து எடுத்த என்சைம், மேடம். சாதாரணமா என்சைம்னா உடம்புச் சூடு வேணும். இது நாலு டிகிரிலகூட ஆர்.என்.ஏ.வைத் துண்டு துண்டா வெட்டும். தொண்ணூத்தஞ்சாம் வருஷம் கண்டுபிடிச்சது. இந்தத் துறையே அது மேலதான் நிக்குது."

"யார் கண்டுபிடிச்சது?"

ஹதாகேதாவின் கண் அந்த மஞ்சள் அட்டைக்குப் போய்த் திரும்பியது.

"குராமொச்சி சார்."

"அது மேல எதுவும் நிக்கல. எப்பவும் நின்னதில்ல."

கரகரப்பான இன்னொரு குரல். ஊன்றுகோலோடு ஒருவர் தாழ்வாரத்தில் வந்து நின்றார். ஹிரோஷிமாவின் புரொபசர் ஓரிபே. வயது அறுபத்தாறு. அந்த என்சைமே கிடையாது என்று முப்பது வருஷமாகச் சொல்லி வருபவர். வருஷா வருஷம் மாநாட்டில் கேள்வி நேரம் வந்ததும் முதல் ஆளாக எழுந்து நிற்பார். அரங்கம் சிரிக்கும். உட்காருவார். அடுத்த வருஷம் மறுபடி எழுந்திருப்பார்.

"என் லேப்ல எட்டு தடவை செஞ்சு பார்த்தோம். வரல. அது என்சைம் இல்ல, பிரமை."

ஹதாகேதாவின் முகம் சிவந்தது.

"வாயைக் கழுவிட்டுப் பேசுங்க ஓரிபே சார். மனுஷன் செத்துக் கிடக்கறார்."

"அவர் செத்ததால என்சைம் உயிரோட வந்துடுமா?"

"உங்களுக்குச் செய்யத் தெரியல. உங்க ஆளுங்களுக்குக் கைத்திறமை இல்ல. அதை ஒத்துக்க முடியாம முப்பது வருஷமாக் குரைக்கறீங்க."

"குரைக்கற நாயாவது சொந்தக் குரல்ல குரைக்குது. நீங்க?"

சகுமா இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க. தெருக் குழாய்லகூட இதைவிட மரியாதையாச் சண்டை போடுவாங்க. ஓரிபே சார், பதினொன்னே முக்காலுக்கு எங்க இருந்தீங்க?"

"கீழே. மெஷின்ல சூடா டின் காபி எடுத்துக்கிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

"யார் பார்த்தாங்க?"

"என்னைப் பார்க்காத மாதிரி போறதுக்கு இங்க எல்லாரும் நல்லாப் பழகியிருக்காங்க."

"எதுக்கு வந்தீங்க? வாழ்த்திட்டுப் போகவா?"

"அவரே கூப்பிட்டார்."

"பரம எதிரியையா? ஏன்?"

ஓரிபே ஹதாகேதாவை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு வாயை இறுக்கிக்கொண்டார்.

"ரெண்டு மணிக்கு அவரே சொல்றதா இருந்தார். அதுவரைக்கும் பேச மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். இன்னைக்கு வகுப்பு முடியட்டும், சொல்றேன். பயப்படாதீங்க, ஓடிட மாட்டேன். முட்டி விடாது."

அவர் ஊன்றுகோலைத் தட்டியபடி அரங்கத்துக்குள் போனார். நுமாதா சகுமாவின் காதருகே வந்தான்.

"மேடம், இவர்தான். முப்பது வருஷப் பகை. சாட்சி இல்ல. பேசவும் மாட்டேங்கறார்."

"பகை வெச்சிருக்கறவன் எல்லாம் கொல்ல ஆரம்பிச்சா, சுடுகாட்டுல இடமே பத்தாது. ஆள் மேல கண்ணு வை."

---

கொலைகாரன் யார் என்று கடைசிப் பக்கம் வரை உங்களை இழுத்தடிக்க எனக்குப் பொறுமை இல்லை. சொல்லிவிடுகிறேன்.

ஹதாகேதாதான்!

அந்த நீல நோட்டு இந்த நிமிஷம் அவருடைய தோல் பைக்குள் இருக்கிறது.

ஏன் கொன்றார்?

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மார்ச் மாதம். ஹதாகேதாவுக்கு இருபத்தேழு வயது. மூன்று வாரம் அந்தக் குளிர் அறையிலேயே குடியிருந்தார். விரல் விறைக்க விறைக்க நண்டு ஈரலை அரைத்து, வடித்து, பிரித்து, பதிமூன்றாம் தேதி ஒரு குப்பியில் அந்த என்சைமைப் பிடித்தார். நீல நோட்டில் எழுதினார். ஓடிப் போய்க் குராமொச்சியிடம் காட்டினார்.

கட்டுரை வெளிவந்தது. ஆசிரியர் குராமொச்சி. அவர் ஒருவர் மட்டும்!

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. 'சோதனைகளில் உதவிய ஹதாகேதாவுக்கு நன்றி.'

அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் குனிந்தார். பரிசு விழாவில் குராமொச்சியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதவி வேண்டாம், பட்டம் வேண்டாம். யுகினேஸைக் கண்டுபிடித்தவன் ஹதாகேதா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னால் யாராவது சொல்ல வேண்டும்.

இன்று விட்டால் இனி அந்த மேடை இல்லை. காலையில் கேட்டார். கிடைக்கவில்லை. கை ரோட்டரைத் தேடிப் போய்விட்டது.

அடக்கி வைத்த வயிற்றெரிச்சல் பொல்லாதது, சார்.

---

ஒன்று நாற்பதுக்குப் பல்கலைக்கழகத் தலைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வகுப்பை ரத்து பண்ணிடலாமா, இன்ஸ்பெக்டர்?"

ஹதாகேதா முன்னால் வந்து குனிந்தார்.

"வேண்டாம் சார். எல்லாரும் தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. மேடை காலியா இருந்தா சார் ஆன்மாவுக்கே பொறுக்காது. அவருக்குப் பதிலா நான் பேசறேன். அவர் ஆராய்ச்சி எனக்கு அத்துப்படி."

தலைவர் கண் கலங்கினார். "சிஷ்யன்னா இப்படி இருக்கணும்."

சகுமா யோசித்தாள். முன்னூற்றிப் பன்னிரண்டு பேர். வெளியே விட்டால் ஆளுக்கொரு ரயிலில் ஏறிவிடுவார்கள்.

"பேசுங்க. இத்தனை பேரையும் ஒரு மணி நேரம் ஒரே இடத்துல உட்கார வெக்க எனக்கும் வேற வழி இல்ல. நுமாதா, கதவுக்கு ரெண்டு ஆள் போடு."

ஹதாகேதா மறுபடியும் குனிந்தார். குனிந்த முகத்தில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

---

இரண்டு மணி.

தலைவர் மரணத்தை அறிவித்தார். அரங்கம் எழுந்து ஒரு நிமிஷம் தலை குனிந்தது. ஹதாகேதா மேடை ஏறினார்.

முதல் இருபது நிமிஷம் சொன்னபடியே நடந்தது. குராமொச்சியின் பிறப்பு, படிப்பு, ஜெர்மனி, முதல் கட்டுரை. முன் வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

பிறகு குரல் மாறியது.

"தொண்ணூத்தஞ்சாம் வருஷத்துக்கு வர்றேன். இங்க இருக்கற எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். யுகினேஸை குராமொச்சி சார் கண்டுபிடிச்சார்ங்கற கதை."

நிறுத்தினார்.

"அது பொய்."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. திரையில் பெரிதாக ஒரு படம் வந்தது. விரித்து வைத்த பழைய நோட்டு. இரண்டு பக்கமும் நெருக்கமான கையெழுத்து. ஓரத்தில் சிவப்பு வட்ட முத்திரைகள்.

"இது என் நோட்டு. என் கையெழுத்து. வலது பக்கம் பாருங்க, மார்ச் பதிமூணு. முதல் தடவையா அந்த என்சைம் பிடிபட்ட நாள். மூணு வாரம் அந்தக் குளிர் அறைல நின்னது நான். சார் எட்டிக்கூடப் பார்க்கல."

"உட்காருங்க ஹதாகேதா. பிணம் இன்னும் ஆறல," என்று முன் வரிசையில் ஒருவர் எழுந்தார்.

"முப்பது வருஷமா உட்கார்ந்துதான் இருந்தேன். இன்னைக்கு நீங்க உட்காருங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"கையுறைகூடப் போட மாட்டேன் நான். கையுறை போட்டா விரல் குருடாயிடும். குப்பியோட குளிர்ச்சி, கரைசலோட வழவழப்பு, எல்லாம் விரலுக்குத் தெரியணும். இந்த வெறும் கையால பிடிச்சேன் யுகினேஸை. வேற யாருக்கும் வராதது எனக்கு வந்தது ஏன்னா, இந்தக் கை. பன்னண்டே காலுக்கே, அந்தக் கட்டுரை வந்த ஆராய்ச்சிப் பத்திரிகையோட ஆசிரியருக்கு எழுதி அனுப்பிட்டேன். அந்தக் கண்டுபிடிப்பு முழுக்க முழுக்க என்னுடையது. ஒவ்வொரு சோதனைக்கும் நானே பொறுப்பு."

நாலு பேர் கை தட்டினார்கள். பிறகு நாற்பது பேர். பிறகு அரங்கத்தில் பாதி!

ஹதாகேதா அழுதார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கை தட்டுகிற ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்தார்.

மூன்றாவது வரிசையில் ஓரிபே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசி வரிசையில் நிஷிவாகி அம்மா சகுமாவின் கையைப் பிடித்தார்.

"மேடம்... அந்த நோட்டுதான்."

"தெரியுது. ஆனா அது எப்பவும் தன்கிட்டயே இருந்ததுன்னு சாதிப்பார். நீங்க பார்த்தது வேற நீல நோட்டுன்னு வக்கீல் சொல்லுவான்."

"இல்ல மேடம். முத்திரையைப் பாருங்க."

சகுமா பார்த்தாள். மாணவர் எழுதிய பக்கத்தைப் படித்துவிட்டு புரொபசர் குத்துகிற தேதி முத்திரை. வட்டத்துக்குள் குராமொச்சி என்ற பெயர். நடுவில் ஏழு, மூன்று, பதினான்கு.

"ஏழாம் வருஷம், மார்ச் பதினாலு. சரியாத்தானே இருக்கு? தொண்ணூத்தஞ்சு அப்போ பேரரசர் கணக்குல ஏழாம் வருஷம்."

"இப்பவும் ஏழாம் வருஷம்தான் மேடம். பேரரசர் மாறினப்போ கணக்கு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சது. இன்னைக்குத் தேதியும் மார்ச் பதினாலு."

சகுமா மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இடது பக்க முத்திரையைப் பாருங்க. வட்டத்துல கீழே ஒரு பல் உடைஞ்சிருக்கு. பழைய முத்திரை அப்படித்தான். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே உடைஞ்சது. வலது பக்கம் வட்டம் முழுசா இருக்கு. அது புதுசு. அவர் ஓய்வுக்குப் பரிசா நான் செய்யச் சொல்லி, இன்னைக்குக் காலைல பதினொரு மணிக்குத்தான் அவர் கையில கொடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி அந்த முத்திரை உலகத்துலயே இல்ல?"

"இல்ல."

ஆக, பதினொரு மணிக்குப் பிறகு அந்த நோட்டு குராமொச்சியின் கையில் இருந்திருக்கிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்க்காமல் விட்ட பக்கத்தை இன்று பார்த்து, முத்திரை குத்தியிருக்கிறார். ஹதாகேதாவின் கண்ணுக்கும் அந்தத் தேதி பட்டிருக்கும். பழைய ஏழு என்றே நினைத்திருப்பார். இந்த நாட்டில் யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"மேடம், தூக்கிடலாமா?" என்று கேட்டான் நுமாதா.

"இரு. முடிச்சிட்டு இறங்கட்டும். இத்தனை வருஷம் காத்திருந்த ஆள்."

---

மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. மேஜை மேல் பூங்கொத்து, பாட்டிலில் தேநீர்.

ஹதாகேதா வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சகுமா நாற்காலியைக் காட்டினாள்.

"நல்லாப் பேசினீங்க. அந்த நோட்டு இத்தனை நாள் எங்க இருந்தது?"

"என் மேஜை டிராயர்ல. சாவி என்கிட்ட மட்டும்தான்."

"வேற யார் கைக்கும் போகல?"

"முப்பது வருஷமாப் போகல."

"இன்னைக்குக் காலைல?"

"போகலன்னு சொல்றேன்ல."

"அப்போ இன்னைக்குப் பதினொரு மணிக்குப் பிறந்த முத்திரை, உங்க பூட்டின டிராயருக்குள்ள எப்படிப் போய்க் குத்திச்சு? காலா முளைச்சது அதுக்கு?"

அவள் அவர் தோல் பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்து இரண்டு முத்திரைகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். நிஷிவாகி அம்மா கதவருகில் நின்று தலையசைத்தார்.

ஹதாகேதா நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"என் கையெழுத்தை மட்டும்தான் பார்த்தேன்," என்றார்.

"கொன்னது?"

"நான்தான்." குரலில் பயமே இல்லை. "கும்பிட்டுக் கேட்டேன் மேடம். குளிர் அறைல நின்னு, இன்னைக்கு ஒரு நாள் என் பேரைச் சொல்லுங்க சார்னு கேட்டேன். 'உன் பேர் இதுல வராது, வர விடமாட்டேன்'னார். நோட்டை மார்போட அணைச்சுக்கிட்டுத் திரும்பிக்கிட்டார். முகத்தைப் பார்த்துக்கூடச் சொல்லல. ரோட்டர் பக்கத்துல இருந்தது... சரி, தூக்குல போடுங்க. பரவாயில்ல. முன்னூறு பேர் கேட்டாச்சு. இனிமே யுகினேஸ்னா ஹதாகேதா. அதை எந்தக் கோர்ட்டும் பிடுங்க முடியாது."

"பிடுங்க மாட்டாங்க. யாருக்கும் வேண்டாம் அது."

கதவில் ஓரிபே.

அவர் உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து சகுமாவிடம் நீட்டினார்.

"வகுப்பு முடிஞ்சதும் சொல்றேன்னேன்ல. மூணு வாரம் முன்னாடி வந்தது. குராமொச்சி கையெழுத்து. சத்தமாப் படிங்க."

சகுமா படித்தாள்.

'ஓரிபே அவர்களுக்கு. முப்பது ஆண்டுகளாக நீங்கள் சொன்னதே சரி. யுகினேஸ் என்று ஓர் என்சைம் இல்லை. பழைய குப்பியில் மிச்சமிருந்ததை ஜனவரியில் நவீனக் கருவியில் சோதித்தேன். அது நண்டின் புரதம் அல்ல, மனிதத் தோலின் புரதம். நம் தோலில் ஊறும் ஓர் என்சைமும் ஆர்.என்.ஏ.வை வெட்டும். கையுறை இல்லாத விரலிலிருந்து அது குப்பிக்குள் போயிருக்கிறது. அந்த நோட்டைச் சரிபார்க்காமலே நான் கட்டுரை எழுதினேன். புகழ் வேண்டியிருந்தது. கடைசி வகுப்பில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போகிறேன். நீங்கள் வந்து முன்னால் உட்கார வேண்டும். ஒன்றே ஒன்று. சோதனை செய்த பையன் ஹதாகேதாவின் பெயரை நான் அன்று திருடிவிட்டேன். இன்று அந்தத் திருட்டு அவனைக் காப்பாற்றும். இந்த அவமானத்தில் அவன் பெயர் வராது. வர விடமாட்டேன்.'

ஹதாகேதாவின் உதடு அசைந்தது. "பொய். எத்தனையோ லேப்ல வந்திருக்கு."

"கையுறை போடாத லேப்ல எல்லாம் வந்திருக்கு. என் ஆளுங்க போடுவாங்க. அதான் எட்டு தடவையும் வரல. கைத்திறமை இல்லன்னு சொன்னீங்க."

"உங்களுக்கு... மேடைல நான் பேசறப்பவே தெரியும்."

"தெரியும்."

"ஏன் நிறுத்தல?"

"நான் எழுந்து நின்னப்போ எல்லாம் அரங்கம் சிரிச்சது. முதல்ல சிரிக்க ஆரம்பிக்கறது யாருன்னு திரும்பிப் பார்ப்பேன். ஒவ்வொரு வருஷமும் நீங்கதான். இன்னைக்கு நான் சும்மா உட்கார்ந்து கேட்டேன். அவ்வளவுதான்."

ஹதாகேதா தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்துப் பார்த்தார். கைது என்றபோது வராத பயம் இப்போது வந்தது.

"பத்திரிகைக்கு எழுதினது... அதைத் திரும்ப வாங்க முடியுமா?"

"முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் நானே பொறுப்புன்னு எழுதியிருக்கீங்க. முன்னூறு சாட்சி வேற. உங்களைக் காப்பாத்த இருந்த ஒரே ஆளையும் நீங்களே அடிச்சுப் போட்டுட்டீங்க. வெச்சுக்கோங்க, ஹதாகேதா. முழுக்க முழுக்க உங்களுடையது."

ஓரிபே ஊன்றுகோலைத் தட்டியபடி வெளியே போனார். நிஷிவாகி அம்மா சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதார்.

நுமாதா விலங்கை மாட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டு, பேனாவைக் காதிலிருந்து எடுத்தான்.

"மேடம், ஸ்டேஷன் போனதும் முதல் வேலையா இவர் கைரேகையை எடுத்துடறேன்."

சகுமா கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"உனக்கெதுக்குய்யா வீண் சிரமம்? முப்பது வருஷமா உலகம் பூரா அச்சடிச்சு வெச்சிருக்காங்க."